போலியோ சொட்டு, ஊசி, முகாம்: அரசு கொடுப்பது எவ்வளவு தரம், எங்கே இடறுகிறது

அரசுத் தடுப்பூசி அட்டவணைப்படி ஒரு குழந்தைக்குப் போலியோவுக்கென்று மட்டும் எட்டுத் தவணை மருந்து கிடைக்கிறது. ஐந்து முறை வாயில் சொட்டு, மூன்று முறை கையில் ஊசி. ஞாயிற்றுக்கிழமை முகாமில் கொடுக்கும் சொட்டு இந்தக் கணக்கில் வராது, அது தனி. எதற்கும் காசு இல்லை. ஆரம்ப சுகாதார நிலையம், துணை சுகாதார நிலையம், அங்கன்வாடி, அரசு மருத்துவமனை என எங்கே போனாலும் இதே மருந்து, இதே அளவு.

பெற்றோர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: சொட்டா, ஊசியா, எது நல்லது? ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் விஷயமே இல்லை இது என்பதுதான் எங்கள் முதல் முடிவு. இரண்டும் உடம்பின் இரண்டு வேறு இடங்களில் வேலை செய்கின்றன. ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றதை விடுவது, முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைப்பது மாதிரி.

அந்த இரண்டு இடங்கள் எவை என்று பார்த்துவிடலாம். போலியோ கிருமி வாய் வழியாக உள்ளே போகிறது. மலம் கலந்த தண்ணீர், கழுவாத கை, ஈ மொய்த்த உணவு, இவைதான் வழி. குடலில் தங்கிப் பெருகி, வாரக்கணக்கில் மலத்தோடு வெளியேறுகிறது. தொற்றியவர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் எந்த அறிகுறியும் தெரியாது. சிலருக்குக் காய்ச்சல், தலைவலி, வாந்தி வந்து போய்விடும். ஆனால் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு, கிருமி குடலிலிருந்து ரத்தத்துக்கு வந்து தண்டுவடத்தைப் பிடிக்கிறது. தசைகளை இயக்கும் நரம்பு செல்களை அழிக்கிறது. நேற்று ஓடிய பிள்ளைக்கு இன்று கால் துவண்டுவிடும். அழிந்த செல் திரும்ப வளராது. அப்படி வாதம் வந்தவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேர் மூச்சுவிடும் தசைகளும் செயலிழந்து இறக்கிறார்கள். வந்தபின் கொடுக்க மருந்து கிடையாது.

ஆக, கிருமியைக் குடலிலேயே தடுப்பது ஒரு வேலை. தப்பி ரத்தத்துக்கு வந்தால் நரம்பை எட்டவிடாமல் தடுப்பது இன்னொரு வேலை. முதல் வேலை சொட்டு மருந்துக்கு, இரண்டாவது ஊசிக்கு.

சொட்டு மருந்து

உயிரோடு இருக்கும், ஆனால் வலுவிழக்கச் செய்யப்பட்ட போலியோ கிருமிதான் சொட்டு மருந்து. குழந்தையின் குடலில் அது சில நாள் தங்கிப் பெருகி, அடுத்து வரும் நிஜக் கிருமிக்கு இடமில்லாமல் செய்கிறது. மருந்து வாங்கிய குழந்தையின் மலத்தில் வெளியேறும் வலுவிழந்த கிருமி, பக்கத்து வீட்டுக் குழந்தையையும் எட்டி ஓரளவு காப்பு தரும். வேறு எந்தத் தடுப்பூசிக்கும் எளிதில் இல்லாத குணம் இது. ஊசி வேண்டாம், மருத்துவர் வேண்டாம். அரை நாள் பயிற்சி பெற்ற ஒரு தன்னார்வலர் போதும்.

போலியோ கிருமியில் 1, 2, 3 என மூன்று வகை உண்டு. முன்பு சொட்டில் மூன்றும் இருந்தன. 2016 ஏப்ரல் 25 முதல் இந்தியாவில் 1, 3 ஆகிய இரண்டு வகைகள் மட்டும் உள்ள சொட்டுதான் கொடுக்கப்படுகிறது. இயற்கையில் திரிந்த இரண்டாம் வகைக் கிருமி கடைசியாக 1999இல் உத்தரப் பிரதேசத்தின் அலிகாரில் கண்டுபிடிக்கப்பட்டது. உலகத்தை விட்டே அது ஒழிந்த பிறகு, சொட்டில் இருந்த அதன் வலுவிழந்த வடிவம் நன்மையைவிடத் தொல்லையே அதிகம் தந்தது. அதனால் எடுத்துவிட்டார்கள். இதில் பெற்றோர் நினைவில் வைக்க வேண்டியது: இன்று சொட்டு மட்டும் வாங்கும் குழந்தைக்கு இரண்டாம் வகையிலிருந்து காப்பு கிடையாது.

சொட்டின் பெரிய குறை, நம் ஊர்களில் ஒவ்வொரு தவணையும் 'பிடிப்பது' இல்லை என்பது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டி. ஜேக்கப் ஜான் போன்றவர்கள் 1970களிலேயே இதைக் கண்டு சொன்னார்கள். மேலை நாடுகளில் மூன்று தவணையில் வரும் எதிர்ப்புச் சக்தி, இங்கே அதே மூன்று தவணையில் நிறையக் குழந்தைகளுக்கு வரவில்லை. வேறு குடல் கிருமிகள், அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு, மூன்று வகை மருந்துக் கிருமிகளும் ஒன்றோடொன்று போட்டி போடுவது என்று காரணங்கள் பல. உத்தரப் பிரதேசத்தில் பழைய மூவகைச் சொட்டின் ஒரு தவணை, முதல் வகைக்கு எதிராக நூற்றுக்கு ஒன்பது அளவில்தான் பலன் தந்தது என்று கணக்கிட்டார்கள். "எத்தனை தடவைதான் கொடுப்பீங்க, போன மாசம்தானே கொடுத்தீங்க?" என்று வாசலில் நின்று கேட்பவர்களுக்கு நேர்மையான பதில் இதுதான். ஒரு தவணை பிடிக்காமல் போகலாம், அதனால்தான் திரும்பத் திரும்பக் கொடுக்கிறோம்.

போட்டியைக் குறைத்ததும் பலன் கண்கூடாகத் தெரிந்தது. வழக்கமான தவணைகளில் 2016இல் வந்த இருவகைச் சொட்டு, முகாம்களுக்கு 2010 ஜனவரியிலேயே வந்துவிட்டது. 2009இல் நாட்டில் 741 குழந்தைகளுக்கு போலியோ. உலகத்தின் மொத்தக் கணக்கில் கிட்டத்தட்ட பாதி. 2010இல் 42. 2011இல் ஒன்றே ஒன்று. அந்த ஆண்டு ஜனவரி 13ஆம் தேதி, மேற்கு வங்கத்தின் ஹவுராவில், இரண்டு வயதுக் குழந்தை. அதற்குப் பிறகு இயற்கைக் கிருமியால் இந்தியாவில் யாருக்கும் வரவில்லை. இந்தியா, இலங்கை உள்ளிட்ட நாடுகள் அடங்கிய உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசிய மண்டலம் 2014 மார்ச் 27 அன்று போலியோ இல்லாத மண்டலமாக அறிவிக்கப்பட்டது. இலங்கையில் கடைசி நோயாளி 1993லேயே முடிந்துவிட்டது.

கொடுக்கும் முறைக்கு வருவோம். பிறந்ததும் ஒரு தவணை. பிரசவமான மருத்துவமனையிலேயே கிடைக்கும், தவறினால் 15 நாளுக்குள் வாங்கிவிட வேண்டும். பிறகு 6, 10, 14ஆவது வாரம். 16 முதல் 24 மாதத்துக்குள் ஊக்குவிப்புத் தவணை. ஒவ்வொரு முறையும் இரண்டு சொட்டு. குழந்தையை மடியில் சாய்த்துப் படுக்க வைத்து, வாய் திறக்கவில்லை என்றால் கன்னத்தை இரு பக்கமும் மெதுவாக அழுத்தி, குப்பியைச் சாய்த்துப் பிடித்து நாக்கில் விட வேண்டும். டிராப்பர் முனை உதட்டிலோ நாக்கிலோ படக் கூடாது. அதே முனைதான் அடுத்த குழந்தைக்கும் போகும். பட்டுவிட்டால் டிராப்பரை மாற்றச் சொல்லுங்கள். தயங்க வேண்டியதில்லை, கேட்பது உங்கள் உரிமை.

குழந்தை உடனே துப்பிவிட்டால் இன்னும் இரண்டு சொட்டு விடுவார்கள். கை தவறி மூன்று நான்கு சொட்டு விழுந்துவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. தாய்ப்பால் முன்னும் கொடுக்கலாம், பின்னும் கொடுக்கலாம். அரை மணி நேரம் பட்டினி போடச் சொல்வது பழைய பழக்கம், தேவையற்றது. சளி, லேசான காய்ச்சல் இருந்தாலும் கொடுக்கலாம். வயிற்றுப்போக்கு இருக்கும்போதும் கொடுக்கலாம், ஆனால் அந்தத் தவணை பிடிக்கும் வாய்ப்பு குறைவு. எனவே குணமான பிறகு, நான்கு வார இடைவெளி விட்டு, இன்னொரு தவணை கேட்டு வாங்குங்கள். மருந்தின் நிறம் ஒரு நாள் இளஞ்சிவப்பாகவும் ஒரு நாள் மஞ்சளாகவும் இருக்கிறதே என்ற சந்தேகம் அடிக்கடி வருகிறது. உள்ளே கலந்திருக்கும் நிறமி அமிலத்தன்மைக்கேற்ப நிறம் மாறுகிறது, மருந்தின் வீரியத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை.

ஊசி

இதில் இருப்பது கொல்லப்பட்ட கிருமி. அதனால் யாருக்கும் எந்தச் சூழ்நிலையிலும் இது போலியோவைத் தராது. மூன்று வகைகளுக்கும் எதிராக ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் உருவாகிறது. இரண்டாம் வகையிலிருந்து இன்று நம் குழந்தைகளைக் காப்பது இந்த ஊசி மட்டும்தான்.

அரசு போடும் அளவு 0.1 மில்லி. தனியார் மருத்துவமனையில் போடுவது 0.5 மில்லி. ஐந்தில் ஒரு பங்கு. "அரசாங்கத்துல குறைச்சுப் போடுறாங்க" என்ற குற்றச்சாட்டு இங்கிருந்துதான் பிறக்கிறது. அளவு குறைவு என்பது உண்மை. பலன் குறைவு என்பது உண்மையல்ல. முழு அளவு தசையில் போடப்படுகிறது. சிறு அளவு தோலுக்குள் போடப்படுகிறது. தோலில் நோய் எதிர்ப்பு செல்கள் அடர்த்தியாக இருப்பதால் சிறு அளவே பெரிய வேலை செய்கிறது. தோலுக்குள் போடும் இரண்டு சிறு தவணை, தசையில் போடும் ஒரு முழுத் தவணையைவிட நல்ல எதிர்ப்புச் சக்தி தருகிறது என்பது ஆய்வுகளில் உறுதியானது. 2016இல் உலகம் முழுவதும் ஊசி மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது இந்த முறையைத் துணிந்து கையில் எடுத்த நாடு இந்தியா. முதலில் தொடங்கிய எட்டு மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளில் தமிழ்நாடும் புதுச்சேரியும் உண்டு. இருப்பதை வைத்து எல்லாக் குழந்தைக்கும் எட்டச் செய்த முடிவு இது, எங்கள் பார்வையில் மிகச் சரியான முடிவு.

அட்டவணை: 6ஆவது வாரம், 14ஆவது வாரம், 9ஆவது மாதம். முதல் இரண்டும் வலது மேற்கையில். மூன்றாவது இடது மேற்கையில், ஏனென்றால் அதே நாளில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி வலது கையில் போடப்படுகிறது. மூன்றாவது தவணை 2023 ஜனவரியில்தான் சேர்ந்தது. மூத்த பிள்ளைக்கு இல்லாதது இளையதற்கு ஏன் என்று கேட்கும் தாய்மார்களுக்கு இதுதான் விளக்கம்.

ஒரு குறையை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். குழந்தைக்குப் போடும் ஊசிகளில் கைத்திறன் அதிகம் தேவைப்படுவது இது. ஊசியைத் தோலோடு ஒட்டினாற்போல் மிகத் தாழ்வாகச் சாய்த்து, முனையின் துளை மேலே பார்க்க, தோலுக்குள் மட்டும் நுழைக்க வேண்டும். சரியாகப் போனால் கொசு கடித்த தடிப்பு மாதிரி ஒரு சின்ன மேடு எழும்பும். சிறிது நேரத்தில் வடிந்துவிடும். பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி மாதிரி தழும்பு விழாது. மேடு எழும்பவில்லை என்றால் மருந்து ஆழமாக இறங்கியிருக்கிறது என்று பொருள். ஊசி போட்ட இடத்தில் துளி வழிந்தால் அளவு குறைந்திருக்கிறது, மொத்தமே 0.1 மில்லி என்பதால் ஒரு துளியும் கணிசம். குழந்தை கையை உதறும்போதுதான் இது நடக்கிறது. ஆகவே பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு: குழந்தையின் ஒரு கையை உங்கள் கக்கத்துக்குள் விட்டு, ஊசி போடும் கையை முழங்கைக்கு மேலும் கீழும் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு தளர்வாகப் பிடிப்பதால்தான் நல்ல செவிலியருக்கும் ஊசி தவறுகிறது.

இந்த எட்டுத் தவணையில் அதிகம் கைநழுவ வாய்ப்புள்ளது ஒன்பதாவது மாத ஊசி. 14ஆவது வாரத்துக்குப் பிறகு கிட்டத்தட்ட ஆறு மாத இடைவெளி. அதற்குள் தாய் அம்மா வீட்டிலிருந்து மாமியார் வீட்டுக்குப் போயிருப்பார், செவிலியரும் வேறு, தடுப்பூசி அட்டையும் எங்கோ பெட்டியில். "அம்மை ஊசிக்கு வரச் சொன்னாங்க" என்று வருவார்கள், அது போட்டதும் கிளம்பிவிடுவார்கள். அட்டையை இப்போதே எடுத்துப் பாருங்கள். போலியோ ஊசி என்ற வரிசையில் மூன்று தேதி இருக்க வேண்டும். முதல் பிறந்தநாளுக்குள் மூன்றும் முடிவதுதான் கணக்கு. ஒரு தவணை தள்ளிப்போனால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சொட்டு ஐந்து வயது வரை கொடுப்பார்கள்.

ஊசியின் எல்லையையும் சொல்லிவிடுகிறோம். குடலில் கிருமி தங்குவதை அது பெரிதாகத் தடுக்காது. 2013இல் இஸ்ரேலில் இது தெளிவாகத் தெரிந்தது. அங்கே பல ஆண்டுகளாக ஊசி மட்டுமே வழக்கம், ஏறத்தாழ எல்லாக் குழந்தையும் போட்டிருந்தது. சாக்கடை நீரைச் சோதித்தபோது முதல் வகை இயற்கைக் கிருமி மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குழந்தைக்கும் வாதம் வரவில்லை. ஊசி தன் வேலையைச் செய்தது. ஆனால் கிருமி குடலுக்குக் குடல் பரவிக்கொண்டே இருந்தது. நிறுத்த, திரும்பவும் சொட்டு மருந்தைக் கொண்டுவர வேண்டியிருந்தது.

குப்பியில் ஒட்டியிருக்கும் சதுரம்

சொட்டு மருந்து, வெயிலைத் தாங்காத மருந்துகளில் முதலிடத்தில் இருப்பது. நீண்ட நாள் சேமிப்புக் கிடங்கில் மைனஸ் 20 டிகிரி. சுகாதார நிலையத்தில் 2 முதல் 8 டிகிரி. உறைந்து உருகினாலும் சொட்டுக்குக் கெடுதல் இல்லை. ஊசி மருந்து நேர் எதிர்: உறைந்தால் போயிற்று, தூக்கி எறிய வேண்டியதுதான். இரண்டையும் ஒரே பெட்டியில் தூக்கிக்கொண்டு கிராமத்துக்குப் போகும் செவிலியரின் சிரமம் இங்கேதான். அதனால்தான் ஐஸ் பேக்குகளை எடுத்தவுடன் பெட்டிக்குள் வைப்பதில்லை. மேலே வியர்த்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் அலையும் சத்தம் கேட்கும்வரை வெளியே வைத்திருந்து, பிறகு நான்கையும் நான்கு பக்கமும் அடுக்குவார்கள்.

மருந்து வழியில் சூடு பட்டதா என்று யாரும் ஊகிக்கத் தேவையில்லை. குப்பியின் லேபிளில் ஊதா வட்டம், அதற்குள் ஒரு சதுரம். புது மருந்தில் சதுரம் வெளுத்திருக்கும். சூடு ஏற ஏற அது கறுத்துக்கொண்டே வரும், திரும்ப வெளுக்காது. சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் கொடுக்கலாம். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டாலோ தாண்டிவிட்டாலோ அந்தக் குப்பி கூடாது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் இரண்டு நொடியில் பார்க்கக்கூடிய ஏற்பாடு. ஒரு விஷயம்: இது சூட்டை மட்டும்தான் காட்டும், உறைந்ததைக் காட்டாது.

ஏற்கெனவே திறந்த குப்பியிலிருந்து கொடுக்கிறார்கள் என்று சிலர் மறுத்துத் திரும்பிவிடுகிறார்கள். போலியோ சொட்டுக் குப்பியையும் ஊசிக் குப்பியையும் திறந்த பிறகும் 28 நாள் வரை பயன்படுத்த விதி அனுமதிக்கிறது. திறந்த தேதியும் நேரமும் குப்பியில் எழுதியிருக்க வேண்டும், காலாவதியாகியிருக்கக் கூடாது, குளிரில் இருந்திருக்க வேண்டும், சதுரம் வெளுத்திருக்க வேண்டும். தட்டம்மை-ரூபெல்லா, பி.சி.ஜி. போன்றவைதான் திறந்து நான்கு மணி நேரத்தில் கொட்டப்பட வேண்டியவை.

லேபிளைப் பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2021 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் ஒரு முகாமில் 12 குழந்தைகளுக்குச் சொட்டு மருந்துக்குப் பதிலாகக் கை கழுவும் சானிடைசரை விட்டுவிட்டார்கள். குழந்தைகள் பிழைத்துக்கொண்டார்கள். கொடுப்பவர் ஒருமுறை, வாங்குபவர் ஒருமுறை குப்பியைப் பார்த்திருந்தால் நடந்திருக்காது.

முகாம்

தமிழ்நாட்டில் மாநிலம் முழுவதும் முகாம் நடக்கும்போது 43 ஆயிரத்துக்கு மேற்பட்ட மையங்கள் திறக்கப்படுகின்றன. ஐந்து வயதுக்குட்பட்ட ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு ஒரே நாளில் மருந்து. காலை 7 மணி முதல் மாலை 5 மணி வரை. பேருந்து நிலையம், ரயில் நிலையம், சுங்கச்சாவடியிலும் உண்டு. ஏன் ஒரே நாள் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. எல்லாக் குழந்தைகளின் குடலிலும் ஒரே நேரத்தில் மருந்துக் கிருமி குடியேறிவிட்டால், நிஜக் கிருமிக்குத் தங்க ஒரு குடல்கூடக் கிடைக்காது. தங்க இடமில்லாத கிருமி வெளியில் செத்துவிடும். நாடு முழுவதற்குமான முகாம் 1995இல் தொடங்கியது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே வேலூரில் இந்த முறை செய்து பார்க்கப்பட்டது.

சேவையாகப் பார்த்தால், இந்த அளவில் இவ்வளவு ஒழுங்காக நடக்கும் வேறொன்றைச் சொல்வது கடினம். இடது கைச் சுண்டு விரலில் மை. மறுநாள் முதல் வீடு வீடாக வந்து, எல்லாக் குழந்தைக்கும் கொடுத்துவிட்ட வீட்டின் சுவரில் 'பி', விடுபட்ட வீட்டில் 'எக்ஸ்' என்று சாக்பீஸால் எழுதிப் போவார்கள். 'எக்ஸ்' வீட்டுக்குத் திரும்ப வருவார்கள்.

இடறும் இடங்கள் தெரிந்தவைதான். செங்கல் சூளை, கட்டட வேலைத் தளம், கரும்பு வெட்டும் கூட்டம், சாலையோரக் கூடாரம். கதவு எண்ணும் இல்லை, சுவரும் இல்லை, சாக்பீஸ் எங்கே எழுதும்? வேலை தேடி இடம் மாறிக்கொண்டே இருக்கும் குடும்பங்களின் குழந்தைக்கு வழக்கமான தவணைகளும் தவறியிருக்கும், முகாமும் தவறும். உங்கள் தெருவில் வீடு கட்டும் இடத்தில் கைக்குழந்தையோடு யாராவது தங்கியிருந்தால், முகாமுக்கு வரும் குழுவிடம் சொல்லி அனுப்புங்கள். இன்னொரு கோளாறு, அவசரத்தில் மையை முதலில் வைத்துவிடுவது. சொட்டு வாயில் விழுந்த பிறகுதான் மை. வெயிலில் மேசை போட்டு ஐந்தாறு குப்பியை வரிசையாக எடுத்து வைப்பதும் தவறு. ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது பெட்டியிலிருந்து வர வேண்டும். மூடியை அடிக்கடி திறப்பதையும் கூட்டம் அதிகமான மையங்களில் பார்க்கலாம்.

பெற்றோர் பக்கத்துக் குழப்பம் இரண்டு. முகாமில் வாங்கியதால் அட்டையில் உள்ள தவணையை விட்டுவிடுவது ஒன்று. போன வாரம்தான் சுகாதார நிலையத்தில் வாங்கினோம் என்று முகாமை விட்டுவிடுவது இன்னொன்று. இரண்டையும் வாங்க வேண்டும். நேற்றுப் பிறந்த குழந்தைக்கும் முகாம் சொட்டு உண்டு.

தனியாரில் போடுபவர்களுக்கு

ஆறு நோய்களுக்குச் சேர்த்துப் போடும் ஊசியில் போலியோ முழு அளவில் உண்டு. ஒரு தவணைக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். குத்தும் எண்ணிக்கை குறையும், சில வகைகளில் காய்ச்சலும் குறையும். மருந்து நல்ல மருந்துதான். போலியோவைப் பொறுத்தவரை அரசுத் தவணைகளை ஒழுங்காக முடித்த குழந்தைக்கு அது கூடுதலாக எதையும் பெரிதாகத் தருவதில்லை என்பது எங்கள் மதிப்பீடு. கடன் வாங்கிப் போட வேண்டிய பொருள் அல்ல.

உஷாராக இருக்க வேண்டியது 'அஞ்சு ஊசி' என்ற சொல்லில். அரசின் ஐந்து நோய் ஊசியில் தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி, மஞ்சள் காமாலை பி, ஹிப் கிருமி ஆகியவை உண்டு, போலியோ கிடையாது. தனியாரில் ஐந்து என்று சொல்லப்படும் சிலவற்றில் காமாலை இல்லை, போலியோ உண்டு. ஒரு தவணை இங்கே, ஒரு தவணை அங்கே என்று போட்டால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். குப்பியின் ஸ்டிக்கரை அட்டையில் ஒட்டச் சொல்லி, அதில் ஐ.பி.வி. (போலியோ ஊசியின் சுருக்கப் பெயர்) என்று இருக்கிறதா என்று பாருங்கள். தனியாரிலேயே முழுவதும் போட்டவர்கள் சொட்டை மறந்துவிடுகிறார்கள். பிறந்தபோது ஒன்றும், ஒவ்வொரு முகாமிலும் ஒன்றும் வாங்கினால்தான் குடல் பக்கம் காப்பு வரும். வெளிநாட்டில் ஊசி மட்டும் போட்டு வளரும் குழந்தைகள் ஊருக்கு வந்திருக்கும்போது முகாம் வந்தால் அவர்களுக்கும் கொடுக்கலாம்.

ஆபத்து உண்டா?

உண்டு, மிக அரிதாக. வாயில் விட்ட கிருமி பழைய குணத்துக்குத் திரும்பி, மருந்து வாங்கிய குழந்தைக்கோ அதன் அருகில் இருப்பவருக்கோ வாதம் தருவது ஏறத்தாழ 27 லட்சம் தவணைக்கு ஒன்று. ஊசியும் சேர்ந்து போடும்போது இது இன்னும் குறைகிறது. பிறவியிலேயே நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாத குழந்தைக்குச் சொட்டு கூடாது, ஊசி மட்டும்தான். அப்படிப்பட்டவர் வீட்டில் இருந்தால் மருத்துவரிடம் முன்பே சொல்லுங்கள்.

பலர் தடுப்பூசி போடாமல் விட்ட ஊரில் வேறொன்று நடக்கும். மருந்துக் கிருமி ஆளுக்கு ஆள் மாதக்கணக்கில் தாவி, மெல்ல மாறி, வீரியம் பெற்றுவிடும். 2022இல் நியூயார்க் மாநிலத்தின் ராக்லாந்து பகுதியில் தடுப்பூசி போடாத ஓர் இளைஞரை வாதப்படுத்தியதும், 2024இல் காசாவில் பத்து மாதக் குழந்தையின் காலை முடக்கியதும் இப்படி மாறிய இரண்டாம் வகைதான். காசாவில் போர் நடுவே, சண்டையைப் பகுதி பகுதியாக நிறுத்தி, முதல் சுற்றில் மட்டும் ஐந்தரை லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குச் சொட்டு கொடுத்தார்கள். கொடுத்தது எளிதில் மாறாதபடி மரபணு திருத்தப்பட்ட புதுச் சொட்டு. 2024இல் மேகாலயத்தின் மேற்கு காரோ மலைப் பகுதியில் ஒரு குழந்தைக்கு வந்ததும் மருந்துக் கிருமியின் மாறிய வடிவத்தால்தான். சொட்டை நிறுத்துவது இதற்கு மருந்தாகாது. ஒருவரும் விடுபடாமல் கொடுப்பதுதான் மருந்து.

இயற்கைக் கிருமி இன்னும் ஓயாத நாடுகள் பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும். தூரமாகத் தோன்றலாம். 2010இல் தஜிகிஸ்தானில் 450க்கும் மேற்பட்டோரை முடக்கிய கிருமி, மரபணுவைப் பார்த்தபோது, உத்தரப் பிரதேசத்திலிருந்து போனது. இங்கிருந்து அங்கே போக முடிந்தது அங்கிருந்து இங்கே வரவும் முடியும். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் போன்ற நாடுகளுக்குப் பயணம் போகிறவர்கள், எந்த வயதானாலும், கிளம்புவதற்கு நான்கு வாரம் முன்பே சொட்டு வாங்கிச் சான்றிதழ் பெற வேண்டும், ஓராண்டு செல்லும்.

கால் திடீரெனத் துவண்டால்

15 வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்கும், காயம் எதுவுமின்றி, ஓரிரு நாளில் கையோ காலோ தளர்ந்து தொங்கினால், எல்லாத் தடுப்பூசியும் போட்டிருந்தாலும், அரசு மருத்துவமனைக்கு அன்றே போக வேண்டும். எண்ணெய் போட்டு நீவுவதும், இடுப்பில் ஊசி போட்டுக்கொண்டு இரண்டு நாள் பார்ப்பதும் கூடாது. பெரும்பாலும் அது போலியோவாக இருக்காது. ஆனால் இல்லை என்று நிரூபித்தால்தான் நாடு போலியோ இல்லாத நாடாக நீடிக்கும். தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு அலுவலர் வந்து பார்ப்பார். தளர்ச்சி தொடங்கிய 14 நாளுக்குள், 24 மணி நேர இடைவெளியில், இரண்டு முறை மலம் எடுத்து ஐஸில் வைத்து அனுப்புவார்கள். தமிழ்நாட்டில் அதைச் சோதிப்பது சென்னை கிண்டியில் உள்ள கிங் நோய்த்தடுப்பு மருந்து நிலையம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104க்கு அழையுங்கள். மாதிரி கொடுத்ததோடு முடிந்துவிட்டது என்று ஊர் மாறிவிடாதீர்கள். 60 நாள் கழித்துத் தளர்ச்சி மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க மறுபடி வருவார்கள், அதற்கு அவர்களிடம் சரியான முகவரியும் போன் எண்ணும் இருக்க வேண்டும்.